வெறுங்காணியின் மதிப்பு

டோர்வல் விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில், அங்குள்ள சமையல்கூடத்துச் சீருடையோடு இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"தம்பியின்ர பெக்டரியை இடிச்சுப்போட்டு வந்தால் கூடுதலாக் கடன் தருவினமாம், அக்கா" என்றாள் இளையவள்.

"ஆர் சொன்னது?"

"யாழ்ப்பாணத்தில பாங்க்காரர். தம்பி தண்ணித் தாங்கி செய்யிறானெல்லோ, புது மிசின் வாங்கக் கடன் கேட்டவன். கட்டிடம், பழைய மிசின் ஒண்டையும் அவை மதிக்கேல்லை. கடன் கட்டாட்டி, வெறுங்காணியெண்டால்தான் பேந்து அவை விக்கிறது லேசாம்."

"நல்ல கதை. இனி என்ன செய்யப்போறான்?"

"என்ர சீதனக் காணியை ஈடு வைக்கக் கேக்கிறான்."

"அதில என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை. பத்தைக்காடுதான்."

"அப்ப கட்டாயம் கடன் குடுப்பினம்" என்று அக்கா சிரித்தாள்.

இளையவள் சிரிக்கவில்லை.

"அதுதான் பயமாக்கிடக்கு."