மாட்டுக்குள்ள இருந்த எலி

ஒரு ஊர் இருந்திச்சாம், ஊருக்கு முதல் அங்க காடு இருந்திச்சாம், காட்டை வெட்டினாப் பிறகு வாய்க்கால் வந்திச்சாம்... எழும்பாதேங்கோ, எழும்பாதேங்கோ. வழி கேட்டா வழியைச் சொல்லாமக் கதை சொல்லுறாள் எண்டு நினைக்கிறியள். தவராசா அண்ணையின்ரை வீடு தானே? சொல்லுவன். பஸ்ஸால இறங்கி இந்த வெயிலுக்குள்ள நடந்து வந்த ஆளை வழி மட்டும் சொல்லி அனுப்பினா எங்கட கொலனிக்குத்தான் மரியாதையில்லை. வாங்கில இருங்கோ. இது மாதர் சங்கக் கொட்டில், தையல் வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போட்டினம். குடத்தில தண்ணி இருக்கு, குடியுங்கோ. பஞ்சில மட்டும் கால் வைச்சிடாதேங்கோ. இலவம் பஞ்சு. ஒருக்கா உடுப்பில ஒட்டிச்செண்டா நெளுக்குளம் போய்ச் சேரும் மட்டும் உங்களோட வரும்.

நீங்கள் நெளுக்குளம் எண்டு சொல்லேல்லைத்தான். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னனான்.

என்ன விசயமா வந்தனீங்கள் எண்டு சொன்னனீங்கள்? எருத்து மாடு பாக்கவோ? ஓ. சரி, சரி. சிரிக்கேல்லை. இல்லை, மாடு வாங்க வாற ஆக்கள் வெள்ளைச் சேட் மினுக்கிப் போட்டுக்கொண்டு வாறேல்லை. வந்தாலும் முதல்ல பல்லைத்தான் கேப்பினம். நீங்கள் கேட்டது, அந்த வீட்டில எத்தினை பேர், பெட்டை என்ன மாதிரி, வாய்க்காரியோ எண்டு. பெட்டையின்ரை குணத்தைப் பாத்து எருதுக்கு விலை சொல்லுற ஊர் எதெண்டு எனக்குத் தெரியாது, அண்ணை.

ஏன் முகம் அப்பிடிப் போகுது? அண்ணை எண்டு கூப்பிடக்கூடாதோ? சரி, கூப்பிடேல்லை.

வெக்கப்படாதேங்கோ. கலியாணம் பேசினா அயலட்டையில விசாரிக்க ஆள் வாறது வழமை தானே. இதுக்கு முதல் வந்த ஒருத்தர் கோழி வாங்க வந்தவர். அதுக்கும் முதல் வந்தவர் வேலிக்குக் கதியால் கேட்டு வந்தவர். ரெண்டு பேரும் விசாரிச்சுப்போட்டுப் போனவை போனவை தான். கோழியும் போகேல்லை, கமலாசனியும் போகேல்லை.

ஓம், கமலாசனி தான் பெட்டையின்ரை பேர். நல்ல ஆளிட்டத்தான் வந்திருக்கிறியள். அவளைப் பற்றி என்னை விடத் தெரிஞ்ச ஆள் இந்தக் கொலனியில இல்லை. ஒண்டும் ஒளிக்காமச் சொல்லுவன். ஆனா கதையாத்தான் சொல்லுவன், வேற மாதிரிச் சொல்ல எனக்கு வராது. நீங்கள் ம் கொட்டவேணும். கொட்டாட்டி நிப்பாட்டிப் போடுவன்.

வாய்க்கால் வந்திச்சாமெல்லே, வாய்க்கால் வந்தாப் பிறகு எங்கட அப்பு... தவராசா அண்ணை வந்தாராம். நாக்கு வழுக்கிப் போச்சு. சாவகச்சேரிப் பக்கமிருந்து பெண்சாதி விமலேஸ்வரியையும், பெண்சாதியின்ரை தமக்கை அன்னபாக்கியத்தையும், இடுப்பில ஒரு பெட்டைக்குட்டியையும் கொண்டு வந்தாராம். குட்டி வளந்திச்சாம். வளந்து இந்தக் கொட்டிலுக்குத் தையல் பழக வந்திச்சாம்.

பழக்கினது அருளம்மா ரீச்சர். முல்லைத்தீவுக்காரி, வேதக்கார மனுசி. அவவின்ரை வீட்டில பிள்ளையளின்ரை பிறந்தநாளுக்கு ஒரு சோடினை கட்டுவினம். கடதாசிச் சோடினை இல்லை. ரெண்டு துணிக்கு நடுவில பஞ்சு வைச்சு, பஞ்சு ஒரு பக்கம் போய்க் குவியாமக் குறுக்கும் நெடுக்கும் நூலோடி, தலையணையை மெலிய வைச்ச மாதிரி ஒண்டு. நடுவில அந்தப் பிள்ளையின்ரை பேருக்குரிய புனிதர். அந்தோனியார் எண்டா கையில குழந்தை, இராயப்பர் எண்டா மோட்சக் கதவின்ரை திறப்பு. ஆளுக்கு ஆள் வேற வேற.

அதைக் கண்டவுடன கமலாசனிக்குக் கை சும்மா இருக்கேல்லை. ஆனா எங்கட சனத்துக்குப் பேருக்கொரு புனிதர் எங்க போறது? பிறந்த தேதியே அரைவாசிப் பேருக்குத் தெரியாது. நட்சத்திரம் வந்தாக் கோயிலில ஒரு அருச்சனை, வீட்டில ஒரு பாயசம், முடிஞ்சுது பிறந்தநாள். அவள் யோசிச்சாள். பொருத்தம் பாக்கேக்க நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் சொல்லுவினமெல்லே, பாம்பெண்டும் கீரியெண்டும்? பிடிச்சாள் அதை.

முதல் தைச்சது தேப்பனுக்கு. அத்த நட்சத்திரம். அத்தத்துக்கு என்னெண்டு தெரியும் தானே? ம், எருமை. வகுப்பில மிஞ்சின வெட்டுத்துணி, பின்னுக்கு மாச்சாக்குச் சீலை, கறுப்புக்குப் பழைய குடைத்துணி. எருமை வாய்க்காலுக்குள்ள கழுத்து மட்டும் கிடக்குது, தலையில ஒரு துவாய். தவராசா அண்ணை பின்னேரத்தில அப்பிடித்தான் கிடக்கிறவர். நட்சத்திரத்தண்டு விடிய அதை உள்வாசலில கட்டினாள், நல்லாப் பதிச்சு. ஆரும் குனிஞ்சு தான் உள்ளுக்குப் போகலாம். பிறந்தநாள்காரருக்கு அண்டைக்கு வீடு முழுக்கத் தலை குனியவேணும், அது அவளின்ரை சட்டம்.

பெத்த தேப்பனை எருமையாக்கி வாசலில தொங்க விடுறியோ எண்டு மனுசன் துள்ளின துள்ளு! பின்னேரம் பாத்தா, பக்கத்து வளவுச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, துவாயைப் பாருங்கோ, என்ரை துவாய் தான், கரையும் அதே கரை எண்டு காட்டிக்கொண்டு நிக்கிறார்.

தாய்க்குப் பரணி, யானை. அவ ஈர்க்கு மாதிரி. பலமாத் தும்மினாத் தன்ரை சத்தத்துக்குத் தானே பயப்பிடுறவ. அந்த யானை வந்தாப் பிறகு என்ன செய்யிறவ தெரியுமோ? மனுசன் கள்ளுக் குடிச்சிட்டு வந்தா ஒண்டும் சொல்லுறேல்லை. அலுமாரியைத் திறந்து யானையை எடுத்து வாசலில கட்டிப்போட்டுக் குசினிக்குள்ள போயிடுவ. வன்னியில வாசலில யானை நிண்டா ஆர் வாய் திறப்பினம்? அவர் பேசாமக் கை கால் கழுவிப்போட்டு வந்து சாப்பிடுவார்.

பெரியம்மா அன்னபாக்கியத்துக்குப் புனர்பூசம், பூனை. அவவுக்கு ஆத்திரம் மீசையில. பொம்பிளைக்கு மீசையோ எண்டு ஒவ்வொரு மயிராப் பிடுங்கி எறிவ. கமலாசனி திரும்பத் தைப்பாள். அவ பிடுங்குவ, இவள் தைப்பாள். சண்டையெண்டு நினைக்காதேங்கோ, ரெண்டு பேரும் இண்டைக்கும் ஒரு பாயில தான் படுக்கிறது.

கமலாசனிக்கோ? அதைத்தானே நீங்கள் கேக்கவேணும். பொறுங்கோ, வாறன்.

இந்தச் சோடினையாலதான் முதல் ரெண்டு கலியாணமும் குழம்பினது. கதியால்காரர் இஞ்ச விசாரிச்சவர், சனம் எருமைக் கதையைச் சொல்லிச்சுது. பெத்த தேப்பனுக்கு எருமையெண்டா மாமிக்கு என்ன தைப்பாளோ எண்டு அவர் கதியாலையும் விட்டிட்டு ஓடினவர் தான். கோழிக்காரரும் அப்பிடித்தான். தவராசா அண்ணை ஆடிப்போனார். இந்த முறை சின்னராசாத் தரகர் நெளுக்குளச் சம்பந்தம் கொண்டு வந்தவுடன, எப்பிடியும் விடுறேல்லை எண்டு நிண்டார். மாப்பிளை நெல்லு மில்லில மெசின் பாக்கிறவராம், யோகநாதன் எண்டு பேராம், தங்கமான பிள்ளையாம். நட்சத்திரம் மட்டும் புனர்பூசம்.

ம். பெரியம்மாவின்ரை நட்சத்திரம். பூனை.

கமலாசனி பங்குனிப் பூரம். பூரத்துக்கு எலி. தன்ரை நாளுக்கு அதைத்தான் தைச்சு வைச்சிருந்தவள்.

இப்ப ஏன் ம் கொட்டாம இருக்கிறியள்?

பூனையும் எலியும் பகை, பொருத்தமில்லை, சாத்திரியார் குறிப்பை மடிச்சுத் திருப்பிக் குடுத்திட்டார். அப்ப சின்னராசா சொன்னாராம், பூரத்துக்கு அடுத்தது உத்தரம் தானே அண்ணை, பிள்ளை கொஞ்சம் பிந்திப் பிறந்ததெண்டு வைச்சா ஆருக்கு என்ன நட்டம்? உத்தரத்துக்கு மாடு. மாட்டுக்கும் பூனைக்கும் ஒரு வழக்குமில்லையே. அவ்வளவு தான். வேற சாத்திரியார், வேற குறிப்பு. பங்குனிப் பூரத்தில பிறந்தவள் பங்குனி உத்தரத்தில பிறந்தவளாப் போனாள். தாயிட்ட ஒரு சொல் கேட்டவையோ? பெத்தவ அவ. எப்ப பெத்ததெண்டு அவவுக்குத் தெரியாதோ?

ஓம், கள்ளக் குறிப்பு தான். கையைக் காட்டாதேங்கோ, சொல்லி முடிக்க விடுங்கோ.

மாப்பிளையின்ரை தமக்கை சிவனேஸ்வரி பெட்டை பாக்க வாறது அந்த உத்தரத்தண்டு தான். பிறந்தநாளில வாறா, சோடினைக் கதை ஊருக்கே தெரியும், வாசலில அது இல்லாட்டிச் சந்தேகம், எலி இருந்தா எல்லாம் முடிஞ்சுது. தவராசா அண்ணை மகளிட்டச் சொன்னார், எலியைக் கழட்டி அடுப்புக்குள்ள போடு, மாடு ஒண்டு தை எண்டு. அவள் ஓம் எண்டாள். வடிவான மாடு தைச்சாள், வெள்ளை மாடு, நெத்தியில சுட்டி, கழுத்தில மணி. ஆனா எலியைக் கழட்டேல்லை. எலிக்கு மேலதான் மாட்டைத் தைச்சாள்.

தமக்கை வந்தா. குனிஞ்சா. குனிஞ்சவ அப்பிடியே நிண்டிட்டா. அவவின்ரை மூக்குக்கு நேர மாட்டின்ரை வால். அதுக்குப் பக்கத்தில இன்னொரு வால். மெல்லிசா, சாம்பல் நிறத்தில.

மாட்டுக்கு ரெண்டு வாலோ எண்டு கேட்டா. தவராசா அண்ணை ஒரு கண நேரம் யோசிக்காமச் சொல்லுறார், இஞ்ச நுளம்பு கூடத் தங்கச்சி, இந்தப் பக்கத்து மாடுகளுக்கு ஒரு வால் காணாது எண்டு. அவ சும்மா விட்டாவோ? பிடிச்சு இழுத்தா. நூல் விட்டுது. பஞ்சோட எலியின்ரை பின்பக்கம் வெளியில வந்திட்டுது. பெரியம்மா சீலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு கோடிப்பக்கம் ஓடினா. விமலேஸ்வரி அக்கா தேத்தண்ணித் தட்டோட அப்பிடியே நிண்டா. கமலாசனியோ, நிலத்தைப் பாத்துக்கொண்டு, ஊசியைக் கண்ணாலயும் காணாத பெட்டை மாதிரி நிக்கிறாள்.

தமக்கை வாலை விட்டிட்டு உள்ளுக்கு வந்து இருந்தா. தேத்தண்ணியைக் குடிச்சா, போட்டு வாறம் எண்டா, போனா. அதுக்குப் பிறகு நெளுக்குளத்தில இருந்து ஒரு சத்தமுமில்லை. இண்டைக்கு நீங்கள் மாடு வாங்க வந்திருக்கிறியள்.

என்ன? ஏன் வாலை வெளியில விட்டவளெண்டோ?

மாப்பிளை வேண்டாமெண்டு அவள் நினைக்கேல்லை. வேண்டாமெண்டா முழு எலியையும் எல்லே கட்டியிருப்பாள்? யோசிச்சுப் பாருங்கோ. அந்தப் பொய்யோட கலியாணம் முடிஞ்சு, வாற பங்குனியில அந்த மனுசன் ஆசையாச் சொல்லும், உன்ரை நாளுக்கு அருச்சனை செய்வம், வெளிக்கிடு எண்டு. அவள் உத்தரத்தில புதுச்சீலை உடுத்து, ஆரோ ஒருத்தியின்ரை நாளில சாமிக்கு முன்னால போய் நிக்கவேணும். அதுக்கு முதல் நாள், தன்ரை நாளில, ஒருத்தருக்கும் தெரியாமச் சட்டி கழுவவேணும். சாகும் மட்டும். ஒரு நாள் உண்மை தெரிய வந்திச்செண்டா? அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எலியால. மில்லில விரல் நசிஞ்சாலும் எலியால. பொய் சொன்னவை சாவகச்சேரிக்கு அங்காலயும் போயிடுவினம், பழி அவளின்ரை தலையில. பூனையெண்டாலும் பரவாயில்லை, எலியெண்டு தெரிஞ்சு கொண்டு கட்டுற பூனையா இருக்கட்டும் எண்டு நினைச்சாள். அதுதான் வாலை மட்டும் விட்டவள். ஆராவது கண்டு, என்னெண்டு கேக்க ஒரு ஆள் வருமோ எண்டு பாத்தவள்.

சரி, கதை அவ்வளவு தான். எழும்பிறியளோ? வீட்டுக்கு வழி சுகம். இந்த வாய்க்கால் கட்டாலயே போங்கோ, முருங்கை நிக்கிற மூண்டாவது படலை. இந்தப் பஞ்சைக் கட்டிக்கொண்டு நானும் அங்கதான் வரவேணும், பொழுது பட்டா அம்மா தேடுவா.

ஓம். அம்மா தான்.

நான்தான் கமலாசனி. எப்ப கண்டு பிடிச்சனீங்கள்? நாக்கு வழுக்கேக்கயோ? அப்பவே தெரிஞ்சும் இவ்வளவு நேரம் ஒண்டுந் தெரியாத மாதிரி ம் கொட்டிக்கொண்டு இருந்தனீங்களோ! நல்ல ஆள் தான். ஆனா எனக்கு அதுக்கு முதலே தெரியும். தண்ணி குடிக்க முதல் சிரிச்சியளெல்லே, உங்கட அக்காவுக்கு விழுற அதே கன்னக்குழி. விசாரிக்க ஆளை விடாமத் தானே வந்தவரெண்டு அப்பவே... இல்லை, பேர் சொல்லமாட்டன். முன்னம் சொன்னனான் தான். அது வேற ஆளா இருந்து சொன்னது. இனிச் சொல்லேலாது.

என்ன கேக்கிறியள்? பூனை தைச்சாச்சோ எண்டோ?

...பாதி தைச்சாச்சு. ஆனிப் புனர்பூசத்துக்கு நாள் கிடக்குத் தானே. அவர் மீசை வைச்சவரோ வைக்காதவரோ எண்டு தெரியாம முகத்தை விட்டு வைச்சிருக்கிறன். சிரிக்காதேங்கோ, மீசை ஆடுது.

அப்பு வீட்டிலதான் இருக்கிறார். நேராக் கேளுங்கோ, பூரமோ உத்தரமோ எண்டு. ரெண்டாந்தரம் கேக்க உடைஞ்சு போவார். அவரைக் கோவிக்காதேங்கோ. நான் வீட்டோட நிண்டிடுவனோ எண்டு பயந்து தான் அந்த மனுசன் அதைச் செய்தது. உங்கட அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். அதை நான் தைச்சுத் தரேலாது.

இல்லை, இல்லை, ஒண்டா வரேலாது. வாய்க்காலில குளிக்கிற சனத்துக்கு அதைவிட வேற சோலி வேண்டாம். நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ, நான் கன தூரம் விட்டுப் பின்னால வாறன். திரும்பிப் பாக்காம நடக்கவேணும், சரியோ? பாத்தியளெண்டா இந்தக் கட்டில நிக்கிற அவ்வளவு பேருக்கும் விளங்கியிடும்.

ஓம், அப்பிடித்தான். கொஞ்சம் கெதியா. அந்த மதகுக்கு மேலால.

ஐயோ, திரும்பிப் பாக்காதேங்கோ எண்டு சொன்னனான் எல்லே!