சொல்லாமல் விட்ட நாற்பத்தொன்றாவது

ஐயா, உங்கள் நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது. அட்டையை நாலாக மடித்து அடியில் செருகினால் நின்றுவிடும். இந்த மாதிரிச் சின்ன வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. வாக்குமூலம்தானே, எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

பழக் கிடங்கில் பத்தொன்பது வருஷம் காவல் இருந்தேன். ஆப்பிளை அறை நிறைய அடுக்கி, கதவை இறுக்கி, உள்ளே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துவிடுவார்கள். பழம் மாதக்கணக்கில் அழுகாமல் தூங்கும். மனிதன் உள்ளே போனால் அவனும் தூங்குவான். வாசனை கிடையாது, மூச்சு முட்டாது. இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். உள்ளே ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று கதவுக்கு வெளியே ஒரு எண் எரியும். இருபத்தொன்று என்றால் நல்ல காற்று. இரண்டு என்றால் பழத்துக்கு மட்டும்தான் நல்லது. அந்த எண்களைப் பார்த்து மணி அடிக்க ஒரு சர்வர் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே கிடந்தது. தூசி தட்டுவேன், திட்டுவேன். கட்டிய மனைவியைவிட அதோடு அதிகம் பேசியிருக்கிறேன்.

என் ஒரே மகளின் புருஷனுக்கும் அங்கேதான் கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் மடிக்கணினியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மாமா, இனிமே சர்வரே வேண்டாம். எல்லாம் கிளவுட்ல ஓடும்."

"சர்வர் இல்லாம யாரு ஓட்டுவா? பேயா?"

சிரித்தார். "எங்கேயோ, யாரோட மெஷின்லயோ ஓடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. எண் மாறினா நம்ம புரோகிராம் எழுந்திருக்கும், வேலையை முடிச்சுட்டுப் படுத்துக்கும். மாறலைன்னா எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

"நல்ல உத்தியோகம். நானும் அப்படித்தான் இருக்க ஆசைப்பட்டேன், உங்க முதலாளி விடலை."

புதுசாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். வாயால் சொன்னால் போதும், புரோகிராமை அதுவே எழுதிக்கொள்ளும். மூன்று வாரம் நான் சொன்னேன், அது எழுதியது. எந்த அறையில் ஈரம் அதிகம், எந்த விசிறி சோம்பேறி, மணி எப்போது பொய்யாக அடிக்கும், எல்லாம். "உங்க வேலையை லேசாக்கத்தான் மாமா" என்றார். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் உட்கார்ந்து கேட்டவர் அவர் ஒருத்தர்தான். பெருமையாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பது விஷயம் சொல்லி முடித்த அன்று, கை கழுவப் போகும் வழியில் மானேஜர் மேசையில் ஒரு காகிதம் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். புது ஏற்பாடு வந்ததும் காவல் ஆள் தேவையில்லை என்று இருந்தது. அடியில் மாப்பிள்ளையின் கையெழுத்து. தேதி, அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்ததற்கு முந்தின நாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "வேற ஏதாவது இருக்கா மாமா?" என்றார். இல்லை என்றேன். இரண்டாவது தடவையும் கேட்டார். இல்லை என்றேன்.

ஒன்று இருந்தது. மழை நாளில், உள்ளே காற்றை அளக்கும் சென்சாரின் மூக்கு வியர்த்து, எண் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அசையாத எண்ணுக்கு மணியும் அடிக்காது. அதனால் நான் எண்ணை நம்புவதில்லை. கதவில் மூடி போட்ட கையளவு திறப்பு உண்டு. மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தி, குச்சியில் செருகி உள்ளே நீட்டுவேன். அணைந்தால் போகக் கூடாது. இதுதான் நாற்பத்தொன்றாவது.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என்னையும் அனுப்பினார்கள். ஒரு நாள் திணறுவார்கள், கூப்பிடுவார்கள் என்று வீட்டில் இருந்தேன். "என்னப்பா, போனையே அடைகாக்குறீங்க?" என்று மகள் கேலி செய்வாள்.

ஐந்தாவது வாரம், காலை பத்து மணி, நல்ல மழை. போன் வந்தது.

"மாமா, மூணாம் ரூமை மூடி ரெண்டு நாளாச்சு. காத்தை எடுத்தும் எண் இறங்கவே இல்ல, இருபத்தொண்ணுலயே நிக்குது. கதவு எங்கேயோ ஒழுகுது போல. உள்ள போய்ப் பார்க்கட்டுமா?"

மெழுகுவர்த்தித் துண்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"உங்க புரோகிராம் என்ன சொல்லுது?"

"பச்சைதான் காட்டுது. இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"அது சொன்னா சரிதான் மாப்பிள்ளை. போங்க."

"சரி மாமா. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு."

அவர் போனை அணைக்காமல் பையில் போட்டிருக்க வேண்டும். கதவு ரப்பர் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு காலடி. நாலு வரைக்கும் எண்ணினேன். ஐந்தாவது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டேன்.

"கடைசியா உங்ககிட்டதானேப்பா பேசினார், என்ன சொன்னார்?" என்று மகள் கேட்டாள். சாயங்காலம் வருவதாகச் சொன்னார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

இப்போது நீங்கள் அந்தப் புரோகிராமை அச்சடித்து என் முன்னால் வைக்கிறீர்கள். கடைசி வரியைப் படித்தும் காட்டுகிறீர்கள். சந்தேகம் வந்தால் மாமாவைக் கேட்க வேண்டும், அவர் சொல்வதுதான் முடிவு. கீழே என் நம்பர். என்னை அந்த வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் நிறுவனத்தோடு மல்லுக்கட்டினார், அன்று காலையில்தான் சம்மதித்தார்கள் என்கிறீர்கள்.

இருக்கலாம். அதை என்னிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே குடும்பத்துக்காரர்கள். ஒருத்தருக்கொருத்தர் விஷயத்தை மறைத்தால் இப்படித்தான் ஆகும், ஐயா.