எழுப்ப வேண்டாம் என்றார்கள்

விடியற்காலையில் கிரைண்டர் போட்டால் மாவு நன்றாகப் பொங்கும் சார். அந்த நேரத்தில் எங்கள் காலனியில் கரண்டு சீராக வரும், கல்லும் சூடாகாது. உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள். ஆனால் அந்த நேரத்துக்கு எழுந்திருக்க அங்கே யாராலும் முடியாது என்று நினைக்கிறேன். நீங்களே பட்டப்பகலில் இரண்டு முறை கொட்டாவி விட்டுவிட்டீர்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சில நாள் மூன்று மணிக்கெல்லாம் தூக்கம் கலைந்துவிடும். எப்போதாவதுதான். கலைந்த பிறகு புரண்டுகொண்டு கிடப்பது எனக்குப் பிடிக்காது. மாவு அரைப்பேன், பாத்திரம் தேய்ப்பேன், வாசல் தெளித்துக் கோலம் போடுவேன். தெரு கண் விழிக்கும்போது என் வேலை முடிந்திருக்கும்.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வந்த பிறகு, எங்கள் தெருவில் பாதிப் பேர் காலை ஷிப்டுக்குப் போனார்கள். கம்பெனி பஸ் இருட்டிலேயே ரோட்டுமுனைக்கு வரும், யாருக்காகவும் நிற்காது. எல்லாரிடமும் போன் இருக்கிறது. அது அடிக்கும், இவர்கள் கையை நீட்டி அதன் வாயை அடைத்துவிட்டுத் தூங்குவார்கள். ஆகவே என்னிடம் சொல்லிவைத்தார்கள். நளினி எப்படியும் முழித்திருப்பாள் என்று பேச்சு. எப்போதாவதுதான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற நாட்களில் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மனிதர்களைத் தூக்கத்தில் பார்க்க வேண்டும் சார். எதிர்வீட்டு வசந்தாவின் புருஷன் பகலில் சங்கத் தலைவர், மைக்கில் தெலுங்கில் பேசுகிறவர். ஜன்னலைத் தட்டப் போனால், வாயைப் பிளந்து, எச்சில் கன்னத்தில் வழிய, லாரியிலிருந்து தள்ளிவிட்ட மூட்டைபோலக் கிடப்பார். பகலில் அவரே என்னைக் காட்டி, "கல்யாணம் இல்ல, காட்சி இல்ல, இன்னாத்துக்கு இருக்குது இது" என்பார். அந்த வாயை எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்பது என் தம்பி பவன்குமாரைப் பற்றி. வருகிறேன்.

நைனாவும் அம்மாவும் போன பிறகு அவனை எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். திருப்பதிக்குப் படிக்கப் போன நாளிலும் முதல் பஸ்ஸுக்கு எழுப்பியது நான். தானாக அவன் விழித்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. அவனுக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு, ஒட்டினாற்போல் இருந்த தகரக் கொட்டகைக்கு நான் வந்துவிட்டேன். இரண்டு அறை வீடு, ஒரே கதவு. போன மழையில் கதவு ஊறி உள்தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது. தெருநாய் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் என்று, அவர்கள் படுத்த பிறகு நான் வெளியே தாழ்ப்பாள் போடுவேன். விடியற்காலையில் அதை எடுத்து உள்ளே போய், அவன் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டுவேன். அதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை.

அவன் பெண்டாட்டி கௌசிகா நினைத்தாள். திருச்சானூர்ப் பெண், நாத்தனாரான என்னை வதினா என்று தெலுங்கில்தான் கூப்பிடுவாள். அவள் அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். நேரம் வந்தால் அது மணிக்கட்டிலேயே நடுங்குமாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாவு கொண்டுபோய்க் கொடுத்தபோது அவன் கையை நீட்டிக் காட்டினான்.

"இனிமே எங்கள எழுப்ப வாணாம் அக்கா. நாளைக்கு லீவு வேற. நீயும் நல்லா படுத்துத் தூங்கு."

அவள் சிரித்தாள். "கால தொடறப்ப பல்லி உழுந்த மாரி கீது வதினா. ஞாயித்துக்கெழம ஆசாரி வந்து உள்தாப்பா போட்டுடுவாரு. அதுவரைக்கும் வெளித்தாப்பா மட்டும் போடு. போன் பண்ணா வந்து எடு, போதும்."

அவனும் சிரித்தான். நான் சரி என்றேன். அன்றைக்கும் தாழ்ப்பாள் போட்டேன். 

எனக்குத் தூக்கம் வரவில்லை. அது உண்மையாகவே வராத நாள். உளுந்தைக் கிரைண்டரில் போட்டேன். பாதியில் ஒரு நாற்றம், பிளாஸ்டிக் கருகுவது போல. வெளியே வந்தேன். அவன் தன் பேட்டரி ஸ்கூட்டரை முன் அறையில், கதவை ஒட்டி நிறுத்திச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பான். வெளியே விட்டால் நாய் ஒயரைக் கடிக்குமாம். கதவின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நெருப்பு இன்னும் இல்லை. உள்ளே சத்தமும் இல்லை. நல்ல தூக்கம்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு யோசித்தேன். எழுப்ப வேண்டாம் என்று முந்தின நாள்தான் சொன்னார்கள். சொன்ன பிறகும் போய் நின்றால், பல்லி என்பாள். கடிகாரம் இருக்கிறது, நடுங்கட்டும். நான் திரும்பி வந்து மாவை வழித்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. பவன் என்று வந்தது. தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், கையை நீட்டி அதன் வாயை அடைத்தேன். பிறகு கதவை இடித்தான்.

"அக்கா, தாப்பா எடு. அக்கா."

நான் தொடாமல் அவன் எழுந்த முதல் நாள் அது. எழ முடிகிறது பாருங்கள். இத்தனை வருஷமும் முடிந்திருக்கிறது, எழவில்லை. அவள் குரலும் கொஞ்ச நேரம் கேட்டது. ஒரு தரம்கூட வதினா என்று கூப்பிடவில்லை. அவ்வளவு இடித்தும் தெருவில் ஒரு விளக்கு எரியவில்லை. தலைவரும் எழவில்லை.

சத்தம் நின்றதும் போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். விடியற்காலையில் எடுப்பது என் வேலை. கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொட்டகையில் படுத்தேன். ஸ்கூட்டர் வெடித்த பிறகுதான் ஜனம் ஓடிவந்தது. வசந்தா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்னை யாரும் எழுப்பியதே இல்லை சார். அதற்காகக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன்.

அதை வைத்துத்தான் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "பாவம், ஒரு நாளும் தூங்காத கட்ட. அன்னிக்குன்னு பாத்துத் தூங்கிப்போச்சு" என்று. எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். நீங்களும் போன் வந்த கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், அப்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய் அல்லவா என்று. ஆமாம் என்றால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகலாம், தெரியும்.

அந்தத் தெருவில் தூங்குகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று சொன்னேனே. என்னை அவர்களோடு சேர்க்காதீர்கள். மற்றதை உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள். நான் விழித்திருந்தேன் என்பதை மட்டும் சரியாக எழுதுங்கள்.