அக்காவின் கணினிக்கு நான் பார்த்த வைத்தியம்

கணினியைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்கலாம் என்று நம்புகிறவர்கள் இருக்கும்வரை மனித குலத்துக்கு விடிவு கிடையாது. கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் இதை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறேன். அதில் 'ஒரு பெண்மணி' என்று வருகிறவள் என் அக்கா.

அக்கா வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள். அவளுடைய மேசைக் கணினிக்கு வயதாகிவிட்டது. திடீரென்று உறைந்து நின்றால் பெட்டியின் மண்டையைத் தடவி, "என் கண்ணுல்ல, இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடி" என்பாள்.

"பால் காய்ச்சிக் கொண்டு வரட்டுமாக்கா?" என்று நான் பின்னால் நின்று கேட்பேன்.

ஒருநாள் பெட்டியைத் திறந்து, மெமரியைக் கழற்றி, அதன் முனையை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். சரியாகிவிட்டது. பரீட்சைதோறும் கோட்டை விட்டதில் எனக்கு அப்பா வைத்திருந்த பெயர் தண்டச்சோறு. அன்று பக்கத்து வீட்டுக்காரரிடம், "நம்ம டாக்டர் கை வெச்சா போதும், எழுந்து உட்கார்ந்துடும்" என்று அவர் சொன்னது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

சிக்கல் என்னவென்றால், கணினி உண்மையிலேயே குணமாகிவிட்டது. நோயாளி இல்லாத டாக்டரை யார் கூப்பிடுவார்கள்?

ஆகவே அக்கா வரைந்ததெல்லாம் பதிந்திருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் போகும் வயரைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். கழற்றவில்லை, தளர்த்தினேன். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது முக்கியமாகப் பட்டது. மேசை அதிர்ந்தால் தொடர்பு விட்டுப்போகும். அக்கா கூப்பிடுவாள். நான் ரப்பரால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம்ம்" என்று முனகி, கடைசியில் யாரும் பார்க்காதபோது வயரை அழுத்துவேன். டாக்டர் பட்டம் பழசாகும் சமயத்தில் மறுபடி தளர்த்துவேன்.

பிறகு வெளியூர் கம்பெனி ஒன்று அக்காவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வரைந்ததையெல்லாம் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். மாமாவை விட்டுப் பிரிந்து வந்தவளுக்குச் சொந்தக் காலில் நிற்க அது ஒன்றுதான் வழி.

"எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சிடவாடா?"

"எதுக்கு? நான் ஒருத்தன் வீட்ல இருக்கேன்ல?"

நேற்று கணினி எழவே இல்லை, டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டது. சுழலும்போதே அடிக்கடி மின்சாரம் அறுந்தால் டிஸ்க் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். என் கட்டுரையில் அதற்குத் தனிப் பத்தியே உண்டு. வயரை அழுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் ரப்பரை எடுத்தேன்.

"அழாதேம்மா, டாக்டர் பார்த்துக்குவான்" என்றபடி அப்பா டார்ச் பிடித்தார்.

கடைசியில் அக்காதான் என் கையிலிருந்த திருப்புளியை வாங்கி வைத்தாள். "போதும்டா. நீ என்ன பண்ணுவே, பாவம். அதுக்கு வயசாயிடுச்சு." அதற்குப் பிறகு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று காலை வெறுங்கையோடு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட அப்பாவும் போயிருக்கிறார். அப்போதே சொல்லியிருப்பேன். நேர்முகத்துக்குப் போகிறவள் மனதைக் கலைக்க வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டேன்.

கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பெட்டியின் மண்டையில் கை வைத்திருக்கிறேன். "என் கண்ணுல்ல, ஒரே ஒரு தடவை எழுந்திரு" என்கிறேன். எழுந்துவிட்டால் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக அதற்குச் சத்தியமும் செய்து கொடுத்திருக்கிறேன்.

டக் டக் என்கிறது. இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தட்டிக்கொடுக்கிறேன்.