டாய்லெட் பேப்பருக்குப் பதிலா

— செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு அப்பா காபிக் கோப்பையைத் தூக்கப் பார்த்திருக்கார். வலது கை வரலை. அந்த இஸ்திரிப்பெட்டியைக் கீழ வெச்சிட்டுக் கேளு, ஹால்வார்.

— வெச்சா மெழுகு உறைஞ்சிரும், இங்குன். ஞாயித்துக்கிழமை பந்தயம், இன்னும் பன்னெண்டு ஜோடி பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில மெழுகு தேய்க்கணும். காது உங்கிட்டதான் இருக்கு. உங்கப்பா ஓட்வார் இப்ப எப்படி இருக்கார்?

— பேச்சு குழறுது. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையை எப்ப நிறுத்தினார்னு டாக்டர் கேட்டார். நிறுத்தவே இல்லைன்னு சத்தியம் பண்ணாத குறை நான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா மூணு வாரத்து மாத்திரை அப்படியே இருக்கு. பக்கத்துல உங்க டப்பா. பாதி காலி.

— எங்க டப்பாவா?

— 'இதயத்துக்கு ஒமேகா'. மூடியில நம்ம பனிச்சறுக்குக் கிளப் முத்திரை.

— அது வெறும் மீனெண்ணெய் மாத்திரை. யாருக்கும் கெடுதல் பண்ணாது.

— கெடுதல் பண்ணாதுன்னு சொல்லித்தான் எல்லாத்தையும் விக்கிறாங்க. நல்லது பண்ணுமா, அதைச் சொல்லு.

— இங்க பாரு, எனக்கு முழங்கால் வலியே போயிருச்சு.

— அக்டோபர்ல இருந்து நீ ஓடவே இல்லை. சும்மா உக்காந்திருந்தா எந்த முழங்காலும் வலிக்காது.

— சரி, என் முழங்காலை விடு. போன வருஷம் கூட்டத்துல எழுந்து நின்னது யாரு? கிளப்புக்குப் பணம் சேர்க்கப் பிள்ளைங்க டாய்லெட் பேப்பர் மூட்டையைப் பனியில இழுத்துக்கிட்டு வீடு வீடா விக்குது, முதுகு உடையுது, கனமில்லாத பொருளாக் குடுங்கன்னு?

— சாக்ஸ் குடுப்பீங்கன்னு நினைச்சேன். டாய்லெட் பேப்பர் வாங்கின யாரும் அதை நம்பி மாத்திரையை நிறுத்தலை.

— நாங்க நிறுத்தச் சொன்னோமா? இந்தா, கூடவே குடுக்கற சீட்டு. படி. 'மருந்துக்கு மாற்று அல்ல.' அச்சடிச்சிருக்கு.

— எறும்பு படிக்கிற எழுத்துல. அவருக்கு எண்பத்தோரு வயசு. சனிக்கிழமை மறுபடி பிள்ளைங்களை அனுப்பப் போறியாமே. அனுப்பக்கூடாது. அதைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்தேன்.

— நான் என்ன சொல்றேன்னா, நீ நர்ஸ், உனக்கே தெரியும். நவம்பர்ல மலைக்குப் பின்னால போற சூரியன் பிப்ரவரியிலதான் தலை காட்டுது. ஜனங்களுக்கு ஏதாவது சத்து வேணும்ல?

— அதுக்கு மீனெண்ணெய் ஒரு கரண்டி போதும். செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், காலையில. எங்க வீட்டுல அப்படித்தான்.

— அப்ப நீயும் குடுக்கிற.

— அது வேற. அது புட்டியில வருது.

— அதே மீனு, அதே எண்ணெய். புட்டியில இருந்தா பிள்ளை வளர்ப்பு, டப்பாவில இருந்தா மோசடியா?

— வெயில் இல்லாத ஊர்ல பிள்ளைக்கு ஒரு கரண்டி குடுக்கறது வேற. இதயம் சரியில்லாத மனுஷன்கிட்ட 'இதயத்துக்கு'ன்னு எழுதி நீட்டுறது வேற, ஹால்வார். தன் மாத்திரையைத் தானே பார்த்துக்குவேன்னு பிடிவாதம் பிடிக்கிறவர் அவர். 'அது இனி வேணாம்னு சொன்னாங்க'ன்னு குழறிக் குழறிச் சொல்றார். யாருன்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறார். உங்க ஆளு யாரோ சொல்லியிருக்கான். அந்தத் தெருவுல வித்தது யாரு? பட்டியல் உங்கிட்டதானே இருக்கு?

— இருக்கு. இன்னைக்கு வேணாம்.

— எடு.

— ரெண்டு நாளா நீ தூங்கலை. வீட்டுக்குப் போ. சனிக்கிழமை யாரையும் அனுப்பலை. மிச்சப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடறேன். போதுமா?

— இவ்வளவு நேரம் வாதாடினவன் இப்ப ஏன் சட்டுனு ஒத்துக்கிற? எடுன்னேன்ல.

— தூவா.

— என் பொண்ணா? அவளுக்கு மேட்டுத்தெருதானே குடுத்தீங்க?

— அதை ஒரே நாள்ல வித்து முடிச்சிட்டா. இன்னும் குடுங்கன்னு வந்து நின்னா. தாத்தா தெரு, அதுக்கு அடுத்த தெரு, எல்லாம் அவதான். எப்படிம்மா இவ்வளவு வித்தேன்னு கேட்டேன். 'எங்கம்மா வீடு வீடாப் போற நர்ஸ்னு எல்லாருக்கும் தெரியும். இந்த வயசானவங்க முழுங்கற மாத்திரையில பாதி வீண், ஒரு கரண்டி மீனெண்ணெய் போதும்னு அம்மா சொல்லும். அதைத்தான் சொன்னேன்'னா. நானும் சிரிச்சேன், இங்குன். அதை மறைக்க மாட்டேன்.

— வேலை முடிஞ்சு வந்து அலுப்புல சொன்னது அது. சாப்பாட்டு மேசையில. எங்க வீட்டுக்குள்ள.

— தெரியும். ஓட்வாருக்கும் தெரிஞ்சிருக்கும். அதான் பேரைச் சொல்லலை.

— இதைச் சொல்லி இன்னும் எத்தனை வீட்டுல வித்திருக்கா?

— முப்பத்தெட்டு. எல்லாம் நீ மாத்திரை கொண்டு போற வீடுங்க. நான் ஃபோன் போட்டு மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு சொன்னா, நர்ஸ் பேச்சை விட்டுட்டு என் பேச்சைக் கேப்பாங்களா?