பெண்கள் பக்கத்துத் தட்டி

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள் இன்ஸ்பெக்டர். காகிதம் பறக்கும், அப்புறம் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சக்கரபாணியை விசாரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். திண்டிவனத்தில் தியேட்டர் வைத்திருப்பவர், வக்கீல் என்ற முறையில் எனக்குப் பழைய கட்சிக்காரர். மயிலம் பக்கத்து டூரிங் கொட்டகையில் ஏழு பேர் செத்ததற்கு அவர்தான் காரணம் என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். என் குமாஸ்தா சீனுவாசன் சாகிற சமயத்தில் ஜெயத்தைக் கூப்பிட்டு, பெண்கள் பக்கத்து வழியைக் கம்பியால் கட்டியது தான்தான், கட்டச் சொன்னது சக்கரபாணி என்று சொன்னாராம். ஜெயம் அந்த வழக்கில் ஜெயிலுக்குப் போன ஆபரேட்டரின் மனைவி. அவள் மனு போட, நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

கேட்டதும் எனக்கு எரிச்சலாக வந்தது. சீனுவாசன் கடைசிவரை விசுவாசி. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பெயரை மாற்றியிருக்கிறார். ஆனால் சக்கரபாணி? அந்த மனிதருக்கு டிக்கெட்டைக் கிழிக்கத் தெரியும், அவ்வளவுதான். அப்படி ஒரு யோசனை அவர் தலையில் உதித்தது என்று கோர்ட்டில் எழுதி வைக்கப்போகிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

இந்த வட்டாரத்தில் சினிமா வழக்கு என்றால் விழுப்புரத்துக்கு, என் வாசலுக்குத்தான் வருவார்கள். படப்பெட்டித் தகராறு, வினியோக உரிமைத் தகராறு, நாடகத்துக்கு வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வராத நடிகர், எல்லாம் பார்த்தாயிற்று. திரையில் பத்துப் பேரை அடிக்கிறவர்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தடையாணை வாங்கும் வித்தையை இங்கே கொண்டுவந்தவன் நான். எதிராளி திங்கட்கிழமைதான் கோர்ட்டில் வாயைத் திறக்க முடியும். அதற்குள் படத்தின் நல்ல நாளெல்லாம் போய்விடும். இப்போது எல்லா வக்கீல்களும் அதைச் செய்கிறார்கள், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக.

எண்பத்து மூன்றில் சக்கரபாணி இந்த அறைக்கு வந்தார். மயிலம் பக்கம் பாண்டுரங்கன் என்பவர் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். மயிலம் ஜனம் அதன்பின் திண்டிவனத்துக்குப் படம் பார்க்க வருவதில்லை.

"அந்தக் கொட்டாய எதுனா பண்ணி மூடுங்க சார். ரொம்ப பேஜாரா கீது," என்றார். இதுதான் அவருடைய மொத்தப் பங்கு. குறித்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தியேட்டருக்கு இத்தனை மைலுக்குள் கொட்டகை கூடாது என்று தூரக் கணக்கைச் சொல்லி வழக்குப் போட்டேன், நிற்கவில்லை. லைசென்ஸில் குறை தேடினேன். பாண்டுரங்கன் மணல் வாளிவரை ஒழுங்காக வைத்திருந்தார். கடைசியில் நானே ஒருநாள் டிக்கெட் எடுத்து மணலில் உட்கார்ந்து பார்த்தேன். படம் சகிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி. அவர்கள் வெளியேற மூங்கில் தட்டி ஒன்று இருக்கும். விடலைகள் காசில்லாமல் அதன் வழியாக நுழைவார்கள் என்று, படம் தொடங்கியதும் அதை வைக்கோல் புரியால் கட்டிவிடுவார்கள், இடைவேளைக்கு அவிழ்ப்பார்கள். எல்லாக் கொட்டகையிலும் இது வழக்கம். கட்டுவது ஆபரேட்டர் விருத்தாசலம். சட்டப்படி தப்புதான், ஆனால் ஒரு குழந்தை உதைத்தால் புரி அறுந்துவிடும். சோதனைக்கு வருகிற அதிகாரி சிரித்துவிட்டுப் போவார். கம்பியாக இருந்தால் சிரிக்க முடியாது, அன்றே லைசென்ஸ் போகும்.

கட்டுக்கம்பியை விழுப்புரத்தில் நான்தான் வாங்கினேன். சீனுவாசன் கையில் கொடுத்து, விருத்தாசலம் புரியைக் கட்டிவிட்டு உள்ளே போனதும் அதன்மேல் இறுக்கிச் சுற்றிவிட்டு வரச் சொன்னேன். முதல் ஆட்டத்திலேயே சோதனை நடக்க ஏற்பாடு செய்திருந்தேன். அதிகாரி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நேரத்துக்கு வந்திருந்தால் நீங்களும் நானும் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இந்த நாட்டில் ஒரு வேலையைப் பிறரை நம்பி விட்டால் இப்படித்தான்.

இடைவேளைக்கு முன்பே தீப்பிடித்துவிட்டது. எதனால் பிடித்ததோ, பீடியாக இருக்கலாம். கீற்று எரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஆண்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் பலர் நடுச்சுவர் ஏறிக் குதித்தார்கள். ஏழு பேர் தட்டி ஓரமாகவே கிடந்தார்கள். மூன்று குழந்தைகள். வெளியே வந்த வீரர்களில் ஒருவனாவது சுற்றிப்போய் அந்தத் தட்டியை வெட்டினானா? அவர்களை யாரும் விசாரிப்பதில்லை.

பாண்டுரங்கன் பெரிய வக்கீலை வைத்துக்கொண்டு, கட்டியதெல்லாம் ஆபரேட்டர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று நழுவினார். விருத்தாசலத்துக்கு யாரும் இல்லை. ஜெயம் இங்கே வந்து நின்றாள். கொட்டகை வழக்கென்றால் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேறு எவனாவது அந்த வழக்கை எடுத்தால் கம்பி எங்கிருந்து வந்தது என்று தோண்டுவான். அதனால் பைசா வாங்காமல் எடுத்துக்கொண்டேன். பார் அசோசியேஷனில் பாராட்டினார்கள். ஆட்டு மந்தை.

விருத்தாசலத்திடம் ஒன்றுதான் சொல்லி வைத்திருந்தேன்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நானே அவனைக் கூண்டில் ஏற்றினேன். அந்தத் தட்டியைக் கட்டுவது யார் என்று கேட்டேன்.

"நான்தாங்க. தெனமும் நான்தாங்க கட்டுவேன்," என்றான்.

எதை வைத்துக் கட்டுவாய் என்று கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தான். அரசு வக்கீல் மேஜைமேல் கருகிய கம்பி கிடந்தது. அவருக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் தேவைப்படவில்லை. விருத்தாசலம் அதைக் காட்டி, "அது வந்துங்க" என்று ஆரம்பித்தான். நான் கையமர்த்தினேன். உடனே வாயை மூடிக்கொண்டான். ஏதோ பெரிய யுக்தி என்று நினைத்திருப்பான். தன் வக்கீலை அப்படி நம்புகிறவனுக்கு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஏழு வருஷம் போட்டார்கள். தீர்ப்பன்று ஜெயம் என் காலில் விழுந்தாள். "உங்களால ஆனத நீங்க பண்ணீங்க சார். எங்க நேரம் சரியில்ல," என்றாள். இன்றைக்கும் அறுவடையானால் ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்து என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாள். என் மனைவி பாதிக் கடலையை வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுவாள்.

கடலூர் ஜெயிலில் அவன் இருப்பதை நினைத்து எனக்குத் தூக்கம் போகிறதா என்று கேட்க வருகிறீர்கள். போகவில்லை. கொட்டகையில் நடந்தது என் கணக்கில் இல்லாதது. அதற்கு வருத்தப்படச் சொன்னால் படுகிறேன். கோர்ட்டில் நடந்ததில் ஒரு சொல்கூட என் கணக்கை மீறவில்லை.

நீங்கள் எழுதிக்கொண்டு வந்ததை இப்படிக் கொடுங்கள். சக்கரபாணி பெயர் வருகிற இடத்தில் எல்லாம் என் பெயரைப் போடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இங்கே ஒரு வரி, 'விருத்தாசலத்துக்காக ஆஜராகி இவர் தோற்றுப்போன வழக்கு' என்று இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். நான் தோற்கவில்லை.