பின்சுவர் ஸ்பீக்கர்கள்

சின்ன அறைக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்கக் கூடாது. சத்தம் சுவரில் முட்டித் திரும்பி, பேச்சு எது மேளம் எது என்று தெரியாமல் குழம்பிவிடும். இதை எனக்குச் சொன்னவர் கும்பகோணத்தில் கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீன் பாய். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, மேடம். நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் வளவன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டது. கட்டிலோடுதான் ஊருக்குத் திரும்பினார் என்று சொல்ல வேண்டும். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தலையையும் திருப்ப முடியாது. வாய் பேசும், கண் தெரியும். காது மட்டும் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது.

ஹாலில்தான் கட்டில். எதிரே டிவி. தலைமாட்டுக்குப் பின்னால் சமையலறை வாசல். அதை அவரால் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். கரண்டிச் சத்தமோ என் மெட்டிச் சத்தமோ கொஞ்ச நேரம் கேட்கவில்லை என்றால் "பூரணி, பூரணி" என்று கத்த ஆரம்பித்துவிடுவார். பூர்ணிமா என்ற பேரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தால் விரட்ட முடியாத மனுஷன். தனியாக இருக்கிறோம் என்று தோன்றினாலே அவருக்கு மூச்சு முட்டும். அடுத்த வீட்டு நாகம்மாக்கா அந்தச் சத்தம் கேட்டு ஓடி வருவார். "எங்கடி போன, உசிர விடுறாரு பாரு" என்பார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நர்ஸ் பெண் ஒருத்தி வந்தாள். வேறு கை தொடக் கூடாது என்று சாப்பிடாமல் கிடந்தார், அவள் போய்விட்டாள். எங்கள் நிலத்தைக் கொழுந்தன் தமிழரசன்தான் சாகுபடி பண்ணுகிறார். குறுவை முடிந்ததும் அரிசி மூட்டையோடு வருவார். ஒருமுறை வாய்விட்டே கேட்டேன்.

"ரெண்டு நாள் மட்டும் அண்ணனப் பாத்துக்கிறீங்களா? எங்கயாவது போய் உக்காந்துட்டு வந்துடுறேன்."

"என்ன அண்ணி, நீங்க இருக்கிற தைரியத்துலதான் நாங்க நிம்மதியா இருக்கோம்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹோம் தியேட்டர் கேட்டது வளவன்தான். படம் பார்க்க ஆசைப்பட்டார். நான் கடைக்குப் போயிருந்தபோது பாய் ஒரு செட்டைப் போட்டுக் காட்டினார். ஏதோ ஒரு படத்தில் எனக்குப் பின்னால் ஒரு பெண் நடந்து வந்து கதவைத் திறந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பாய் சிரித்தார்.

"எல்லாரும் திரும்புவாங்கம்மா. பின்னாடி ரெண்டு ஸ்பீக்கரோட வேலையே அதுதான்."

அங்கேதான் அந்த யோசனை வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு நான் நிதானமாகவே தேர்ந்தெடுத்தேன். பாய் காட்டிய உயரமான செட்டை வேண்டாம் என்றேன். பின்னால் வைக்கிற இரண்டும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், அதிர்வு குறைந்தாலும் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரிமோட்டில் தனித்தனியாகச் சத்தம் கூட்டிக் குறைக்கிற வசதி வேண்டும் என்றேன். "நல்லா வெவரமா கேக்குறீங்கம்மா" என்றார். சமையலறை வாசலுக்கு இரண்டு பக்கமும் நிலைக்கு மேலே மாட்டச் சொன்னேன். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க இன்வெர்ட்டரில் கொடுக்கச் சொன்னேன். முதல் நாள் ஒரு பழைய படம் போட்டோம். மழைக் காட்சி வந்தபோது வளவனுக்குக் கண் கலங்கியது. நனைகிற மாதிரி இருக்கிறது என்றார்.

பிறகு ஒரு காலைப்பொழுதைச் செல்போனில் பதிவு பண்ணினேன். குழாய்த் தண்ணீர், பாத்திரம் தேய்ப்பது, தேங்காய் துருவுவது, என் இருமல், மெட்டி. நடுநடுவே, "இதோ வர்றேங்க." "கை வேலையா இருக்கேன், கொஞ்சம் பொறுங்க." பென்டிரைவில் ஏற்றி, முன்பக்க ஸ்பீக்கர்களின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பின்னால் இருக்கிற இரண்டை மட்டும் ஓடவிட்டேன். முடிந்ததும் தானாக மறுபடி ஆரம்பிக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக வாய்க்கால் கரைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து கும்பகோணம் போனேன். ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல், ஒரு காபியைச் சூடு இருக்கும்போதே குடித்தேன். இன்னொரு நாள் தாராசுரம் கோயில் புல்தரையில் மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். அன்று சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது சொன்னார்.

"இப்பல்லாம் கூப்பிட்டா நீ ஒடனே வர்றதில்ல பூரணி. ஆனா கொரல் கேக்குது. அது போதும்."

அவர் வாயாலேயே சொன்னார், மேடம். அது போதும் என்று.

தரங்கம்பாடிக்குப் போன அன்று சாயங்காலம் திரும்பிவிடுவதாகத்தான் இருந்தேன். அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலில் நீளமான குழாய் போட்டு, அதை உதட்டருகே வைத்துத் தலையணையில் ஊக்கால் குத்திவிட்டேன். பென்டிரைவை ஓடவிட்டேன். மயிலாடுதுறை போய் பஸ் மாறினேன்.

கடலுக்கு முன்னால் கோட்டைச் சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். அலைச் சத்தத்துக்குள் யார் கூப்பிடுவதும் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "வர்றீங்களாம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கினேன். மறுநாளும் இருந்தேன். மீன் குழம்பு சாப்பிட்டேன். அதற்கு மறுநாள்தான் கிளம்பினேன்.

நாகம்மாக்காவின் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டால் வீட்டில் கேட்கிற குரல் நான் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். அதன் பிறகு ஒரு நாளும் வெளியே போக முடியாது. போனைப் பைக்குள் வைத்தேன்.

திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. "இதோ வர்றேங்க" என்றது. நான் வாசலிலேயே நின்று, பதிலுக்கு அவர் ஏதாவது சொல்கிறாரா என்று கேட்டேன். மறுபடி குழாய் திறந்தது, தேங்காய் துருவியது. உள்ளே போனேன். தண்ணீர்க் குழாய் தலையணையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருந்தது. முகத்தில் இருந்த எறும்புகளைத் தட்டிவிட்டேன். அவர் கண்களை மூடிவிட்டேன். அப்புறம்தான் ரிமோட்டைத் தேடினேன்.

நாகம்மாக்கா வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "அவரு கத்துனது எனக்குக் கேட்டுச்சுடி. நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்தேன். நீ உள்ளயிருந்து இதோ வர்றேன்னு சொன்ன. பொஞ்சாதி இருக்கா, நமக்கென்னன்னு திரும்பிட்டேன்."

அக்கா இன்னொன்றும் சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார். இரண்டாம் நாள் வளவன் பூரணி என்று கூப்பிடவே இல்லையாம். "யாராவது இருக்கீங்களா, யாராவது வாங்களேன்" என்றுதான் கத்தினாராம். குரல் அடங்குகிறவரை அதையேதான் சொன்னாராம். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜுரம் வந்தால் அவர் உளறுவார். என் குரலை அவருக்குத் தெரியாதா?

நான்தான் செய்தேன். பாய்க்கோ கொழுந்தனுக்கோ எதுவும் தெரியாது. என்ன தண்டனை என்றாலும் சரி. ஆனால் யாருமில்லாத வீட்டில் அவரை அனாதையாக விட்டுவிட்டுப் போனேன் என்று நீங்கள் எழுதினால், அந்த இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன். கடைசி மூச்சு வரைக்கும், அவர் கூப்பிடக் கூப்பிட, நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.